எதிர்வாக்கில்

கட்டபெட்டுக்கு மேலே, இரண்டாம் வளைவு தாண்டி,
ஆயிரத்து இருநூறு சதுர அடிப் புல்
என் பொறுப்பு.
வளராது. ஆனாலும் வேலை உண்டு.

லாரியில் வரும்போது பாய் போலச் சுருண்டிருந்தது.
கோயம்புத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர்
கத்தியால் வெட்டி, டேப் ஒட்டி, மணல் தூவி
பொழுது சாய்வதற்குள் விரித்துவிட்டார்கள்.
போகும்போது ஒரு தாள் கொடுத்தார்கள்:
வாரம் ஒருமுறை எதிர்வாக்கில் பெருக்கவும்.
கம்பித் துடைப்பம் கூடாது.
சூடான பாத்திரம் வைக்கக் கூடாது.
எட்டு வருடம் நிறம் மங்காது.

எனக்குப் பதினோரு மாத ஒப்பந்தம்.

தாளை எழுதியவர்
இந்த மலைக்கு வந்திருக்க மாட்டார்.
சில்வர் ஓக் இலையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.
சீப்புப் பல் மாதிரி விளிம்பு அதற்கு;
இழைக்குள் சொருகிக்கொண்டால்
துடைப்பத்துக்கு வராது, விரலுக்குத்தான் வரும்.
ஐப்பசி மழை விட்டதும்
பிளாஸ்டிக்கிலும் பாசி பிடிக்கும் என்பது இல்லை.
ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர்:
நானாகக் கண்டுபிடித்தது.
அன்றைக்கெல்லாம் வாசலே ஊறுகாய் ஜாடி.

குழாயில் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை.
கீழே லைன் வீடுகளில் குடங்கள் வரிசை கட்டி நிற்க
நான் ஓஸ் பிடித்து
புல்லுக்கு முகம் கழுவிவிடுகிறேன்.
ஸ்டெல்லாமேரி அங்கிருந்து பார்ப்பாள்.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.
குடத்தை இடுப்பு மாற்றிக்கொள்வாள்.

முதலாளி பார்ப்பது கேமராவில்.
"புல் ஏன் வெளுத்திருக்கு?"
அது மேகம் சார்.
"துடைக்க முடியாதா?"
கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து
ஏணி போட்டுக் கேமராவைத் துடைத்தேன்.
அவர் போன் முழுக்க என் உள்ளங்கை
ரேகையோடு தெரிந்திருக்கும்.

சனி இரவு விருந்து.
ஞாயிறு காலை மண்டியிட்டால்
சூயிங்கம் மூன்று; ஐஸ் வைத்து இறுகவிட்டுச் சுரண்டணும்.
கேக் கிரீம், எறும்பு வருமுன்.
பிறந்தநாள் ஜிகினா போகவே போகாது,
மாசி வெயில் வரைக்கும் மினுங்கிக்கொண்டிருக்கும்.
கோழி சுட்ட அடுப்பிலிருந்து பொறி விழுந்து
காசளவு உருகின இடத்தில்
ஜெரேனியம் தொட்டியை வைத்துவிட்டேன்.
யாரும் தொட்டியை நகர்த்தாதவரை
நான் நல்ல வேலைக்காரி.

தை பிறந்ததும் உறைபனி.
எதிர்ச்சரிவில் தேயிலை பொசுங்கிச் சிவந்தது.
ரோட்டோரப் புல் வைக்கோலாய்ப் படுத்தது.
நடுவில் இது மட்டும்
ஒரு துக்கமும் காதில் விழாத மாதிரி பச்சை.
வண்டியை நிறுத்திப் படம் எடுத்துப் போனார்கள்.

அந்த வாரம்தான் காட்டுமாடு.
முதலாளியே வீடியோவை அனுப்பினார், இரவு இரண்டு பத்து:
தாய், பின்னால் கன்று.
கன்று குனிந்து ஒரு வாய் பிடுங்கியது.
மென்றது. நின்றது. மறுபடி மென்றது.
தாய் குனியவே இல்லை.

காலையில் டேப் ஓரம் கிழிந்து
கையகல வழுக்கை.
பக்கத்தில் எச்சிலோடு ஒரு பச்சைக் கொத்து.
மொத்தமும் துப்பிவிட்டதா, தெரியவில்லை.
சாணியை அள்ளும்போது குச்சியால் பிரித்துப் பார்த்தேன்,
இழை இல்லை.
மறுநாள் சோலை வரைக்கும் இறங்கிப் போய்
அங்கே கிடந்ததையும் பிரித்துப் பார்த்தேன்.
இதற்குச் சம்பளம் கிடையாது.

கிழிந்ததைப் பசை வைத்து ஒட்டும்போது
இணைப்புக்கு நடுவே புளியாரை
மூன்று இலையோடு தலை நீட்டியிருந்தது.
அதைப் பிடுங்குவதும் என் வேலை.
அதற்குள் மேகம் இறங்கிவிட்டது.
எது எது என்று தெரியவில்லை.
ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை.
இன்னொன்று வந்தது.
வாயில் போட்டு மென்றேன்.

புளித்தது.
அப்படியானால் இதுதான் களை.